போனுக்குள் ஒரு பாரோமீட்டர்: கோரிமேட்டிலிருந்து ஏற்காடு வரை

கோரிமேட்டான்
ஞாயிறு, இரவு 9.10

இன்று காலை அக்கா குடும்பத்தோடு ஏற்காடு போய்வந்தேன். அடிவாரத்துக் கடையில் அக்கா மகள் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், பதினான்காவது கொண்டை ஊசி வளைவு வரும்போது தலையணை மாதிரி உப்பிவிட்டது. "ஏன் மாமா இப்படி ஆகுது?" என்று கேட்டாள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பதில் சொல்லாமல் என் போனில் ஃபைஃபாக்ஸ் செயலியைத் திறந்து, காற்றழுத்தம் காட்டும் பக்கத்தை வைத்து அவள் கையில் கொடுத்தேன். ஜெர்மனியில் ஆஹன் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட இலவசச் செயலி அது. போனுக்குள் இருக்கும் எல்லா சென்சாரையும் அப்படியே திறந்து காட்டும்.

சேலம் கோரிமேட்டில் கிளம்பும்போது நான் பார்த்துவைத்தது 975 ஹெக்டோபாஸ்கல். காற்றழுத்தத்தின் அலகு அது. அவள் ஒவ்வொரு வளைவுப் பலகை வரும்போதும் எண்ணைச் சத்தமாகப் படித்தாள். ஒரு வளைவுக்கு நாலு குறையும், அடுத்ததற்கு ஆறு குறையும். ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் 858. "வெளியில காத்து தள்றது குறைஞ்சுபோச்சு, உள்ள இருக்கற காத்து அப்படியே இருக்கு, அதான் உப்புது" என்று அவளே சொன்னாள். நான் ஒரு வார்த்தை எடுத்துக்கொடுக்கவில்லை.

இந்த இழையை ஆரம்பிக்கக் காரணம் இனிமேல்தான் வருகிறது. அடுத்த மாதம் அக்காவுக்குப் புது போன் வாங்க வேண்டும். பதினைந்தாயிரம் வரை போகலாம். "இந்த மலை மீட்டர் இருக்கற போனா வாங்குங்க மாமா" என்று பாப்பா சொல்லிவிட்டாள். சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொரு போனாகத் தேடினேன். அந்த விலையில் பார்த்த ஒன்றில்கூட பாரோமீட்டர், அதாவது காற்றழுத்த சென்சார், இல்லை. பின்பக்கம் மூன்று கேமரா கண் இருக்கிறது. அதில் இரண்டு 2 மெகாபிக்சல். அவற்றால் ஒரு நல்ல படம் எடுத்தவரை நான் பார்த்ததில்லை.

2011இல் வந்த கேலக்ஸி நெக்ஸஸிலேயே பாரோமீட்டர் இருந்தது. ஜி.பி.எஸ். சீக்கிரம் பிடிக்க உயரம் முன்கூட்டித் தெரிந்தால் உதவும் என்பது அதற்குச் சொன்ன காரணம். 2014இல் ஐபோன் 6இலும் வந்தது. பத்து வருஷம் கழித்து அது சாதாரண போனுக்கு இறங்கி வந்திருக்க வேண்டும். நடந்தது தலைகீழ்.

அந்தச் சில்லு கடுகளவுதான். உள்ளே ஒரு வெற்றிடக் குழி, அதன்மேல் மெல்லிய சிலிக்கன் சவ்வு. காற்று அழுத்தினால் சவ்வு இம்மி வளையும், அந்த வளைவு மின்தடை மாற்றமாகத் தெரியும். போனை மேசையிலிருந்து தரையில் வைத்துப் பாருங்கள், எண் மாறும். முக்கால் மீட்டர் உயர வித்தியாசம் தெரிகிற கருவியை நம் சட்டைப்பையிலிருந்து எடுத்துவிட்டு, யாரும் தொடாத கேமராவை வைக்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே மனசு ஆறவில்லை. உங்கள் போனில் இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்.

பட்டறைக்காரன்
ஞாயிறு, இரவு 9.48

அண்ணா, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பதினொரு வருஷமா போன் சர்வீஸ் பண்றேன். பாரோமீட்டர் வேலை செய்யலைன்னு இதுவரைக்கும் ஒரு கஸ்டமர்கூட வந்ததில்ல. அது உள்ள இருக்குன்னே யாருக்கும் தெரியாது. பெட்டிமேல எழுதி விக்க முடியாததைத்தான் முதல்ல தூக்குவாங்க. திசை காட்டுற காந்த சென்சாரும் சில குறைஞ்ச விலை மாடல்ல இப்ப கிடையாது. மேப்புல நீல அம்பு சுத்திச் சுத்தி நிக்கும் பாருங்க, அது அந்தப் போன்தான்.

இன்னொண்ணு. தண்ணி போகாத போன்ல பாரோமீட்டர் இருந்தா, திரையை ரெண்டு பக்கமும் விரலால அமுக்கிப் பாருங்க, எண் எகிறும். உள்ள இருக்கற காத்து நசுங்குது, சட்டுனு வெளிய போக வழியில்ல. ஒரு மெல்லிய சவ்வு வழியாத்தான் மூச்சு விடும். அந்தச் சின்ன ஓட்டையில தூசி அடைஞ்சிருக்குன்னு சிம் ஊசியை விட்டுக் குத்திடாதீங்க. வாரத்துக்கு ரெண்டு பேர் அப்படிக் குத்தி மைக்கைக் கிழிச்சுட்டு வர்றாங்க. மெல்லிசு பிரஷ் போதும்.

சூரமங்கலம்77
ஞாயிறு, இரவு 10.30

உயரம் வேண்டுமென்றால் ஜி.பி.எஸ். கொடுக்கிறதே. காற்றழுத்தம் வேண்டுமென்றால் எந்த வானிலை ஆப்பைத் திறந்தாலும் இருக்கிறது. இதற்காக ஒரு சென்சார் எதற்கு? அந்தக் காசுக்குப் பெரிய பேட்டரி வைத்தால் எல்லோருக்கும் பயன்.

கோரிமேட்டான்
ஞாயிறு, இரவு 11.25

சார், நியாயமான கேள்வி. முதலில் ஜி.பி.எஸ். பற்றிச் சொல்கிறேன்.

செயற்கைக்கோள் எல்லாம் நம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன. காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அதனால் கிழக்கு மேற்கைத் துல்லியமாகச் சொல்கிற அளவுக்கு உயரத்தைச் சொல்ல முடியாது. மலைப்பாதையில் ஒரு பக்கம் பாறைச் சுவர் பாதி வானத்தை மறைத்துவிடும், இன்னும் மோசம். ஏழாவது வளைவில் வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் பார்த்தேன். வண்டி அசையவில்லை, ஜி.பி.எஸ். உயரம் இருபது மீட்டர் ஏறி இறங்கியது. பாரோமீட்டர் எண் நின்ற இடத்தில் நின்றது.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரிவதில்லை. ஜி.பி.எஸ். கணக்கிடுவது, பூமியை வழவழப்பான ஒரு நீள்கோளமாக வைத்துக்கொண்டு அதிலிருந்து வரும் உயரம். கடல் மட்டம் அந்தக் கோளத்தோடு ஒட்டி ஓடுவதில்லை. நம் நாட்டுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு குறைந்த பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. அங்கே கடல் மட்டம் 106 மீட்டர் வரை தாழ்ந்து கிடக்கிறது. இந்த மாதிரி ஈர்ப்புப் பள்ளங்களில் பூமியிலேயே ஆழமானது அதுதான். அதன் விளிம்பில்தான் நாமும் இருக்கிறோம். திருத்தம் செய்யாத செயலியில் பார்த்தால், கடல் மட்டத்திலிருந்து 278 மீட்டரில் இருக்கும் சேலம் 190க்குப் பக்கத்தில் காட்டும். போன் கெட்டுவிட்டது என்று நினைக்கத் தோன்றும்.

அந்தப் பள்ளம் எப்படி வந்தது என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் 2023இல் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். டெதிஸ் என்ற பழைய கடலின் தரை பூமிக்குள் அமிழ்ந்து இறங்கியபோது, ஆப்பிரிக்காவுக்கு அடியில் இருக்கும் சூடான பகுதி கலைந்து, சூடான, இலேசான பாறை மேலே கிளம்பி வந்ததாகக் கணினி மாதிரியில் காட்டினார்கள். கைக்குள் இருக்கும் போனில் 90 மீட்டர் உதைக்கிறதே என்று தேடப் போனவனுக்கு, கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய கடல் ஒன்று பதிலாகக் கிடைத்தது. இந்த மாதிரி நேரங்களுக்காகத்தான் நான் இந்தச் சாமான்களைக் கட்டிக்கொண்டு திரிகிறேன்.

வானிலை ஆப் பற்றி நாளை எழுதுகிறேன்.

காப்பித்தோட்டம்
திங்கள், காலை 6.15

அண்ணா வணக்கம். ஏற்காடு மலையில நாகலூர் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் காப்பி, ஊடால மிளகு. வானிலை ஆப் பத்திச் சொல்றேன்னீங்க, சீக்கிரம் சொல்லுங்க. ஏன்னா மலைமேல அது ஒரு நாளும் சரியாச் சொன்னதில்ல. ஏற்காடுன்னு போட்டாலே 33 டிகிரின்னு காட்டுது, நாங்க இங்க கம்பளியப் போத்திட்டு உக்காந்திருக்கோம்.

எங்களுக்கு மார்ச், ஏப்ரல்ல வர்ற பூ மழைதான் உசுரு. அது நல்லா ஒரு பாட்டம் விழுந்தா, எட்டு பத்து நாள்ல தோட்டம் முழுக்க வெள்ளை வெளேர்னு பூத்துடும். மழை வரும்னு நம்பி தண்ணி பாய்ச்சாம விட்டு ஏமாந்த வருஷமும் உண்டு, வராதுன்னு மோட்டார் ஓட்டி டீசலை விட்ட வருஷமும் உண்டு. உங்க பாரோமீட்டர் மழை வருமான்னு சொல்லுமா?

கோரிமேட்டான்
திங்கள், இரவு 8.40

தம்பி, உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். ஒரு பாரோமீட்டர் தனியாக உங்கள் பூ மழையைச் சொல்லாது. கோடை இடி மழை ஒரு மேகத்தின் வேலை. அது வருவதற்கு முந்தின நாள் அழுத்தத்தில் ஒன்றும் தெரியாது. புயல் வேறு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புதுச்சேரி பக்கம் கரையேறி, வலுவிழந்து உள்ளே வந்து, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டி, நம் மலைப்பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றனவே, அந்த இரண்டு நாளும் என் கிராஃப் கீழே கிடந்தது. ஆனால் இறக்கம் சில ஹெக்டோபாஸ்கல்தான். அதைப் பார்த்து இவ்வளவு மழை வரும் என்று நான் சொல்லியிருக்க முடியாது, சொல்லவும் இல்லை.

ஆப் ஏன் தப்பாகச் சொல்கிறது என்பதற்கு மட்டும் என்னிடம் பதில் இருக்கிறது. பூமியைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஒரு வெப்பநிலை, ஒரு அழுத்தம் என்று கணக்குப் போடுகிறார்கள். 2023இல் கூகுளின் டீப்மைண்ட் கொண்டுவந்த கிராஃப்காஸ்ட்டைப் பற்றி எல்லா அறிவியல் பக்கத்திலும் படித்திருப்பீர்கள். பழைய வானிலைப் பதிவுகளைப் படித்துப் பழகி, பத்து நாள் வானிலையை ஒரு நிமிடத்துக்குள் சொல்லும் செயற்கை நுண்ணறிவு. நிஜமாகவே பெரிய சாதனை. அதன் கட்டம் கால் பாகை, நம் பக்கம் சுமார் 28 கி.மீ. மேப்பை எடுத்து நானே கோடு போட்டுப் பார்த்தேன். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நேர்கோட்டில் 14 கி.மீ.தான். இரண்டுக்கும் பக்கத்துப் புள்ளி ஒன்றேதான்: 11.75 வடக்கு, 78.25 கிழக்கு. கீழே செவ்வாய்ப்பேட்டை மார்க்கெட்டும் மலைமேல் சேர்வராயன் கோயிலும் அதற்கு ஒரே ஊர்! நடுவில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம் இருப்பது அந்தக் கட்டத்துக்குள் கரைந்துவிட்டது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு ஏழு டிகிரி குறையும். உங்கள் கம்பளி அந்த ஆறு ஏழு டிகிரிதான்.

2025 மே மாதம் நம் நாட்டில் பாரத் வானிலைக் கணிப்பு முறை வந்தது. கட்டம் 6 கி.மீ. புனே வெப்பமண்டல வானிலை நிறுவனத்தில் உருவானது, முன்பிருந்தது 12 கி.மீ. இதில் சேலமும் ஏற்காடும் தனித்தனிக் கட்டத்தில் வந்துவிடும். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இருக்கிறது. ஆனாலும் 6 கி.மீ.க்குள் உங்கள் தோட்டச் சரிவும் எதிர்ச்சரிவும் ஒன்றாகவே இருக்கும்.

சூரமங்கலம் சார் கேட்டதற்கும் பதில் இதுதான். ஆப் காட்டும் அழுத்தம் உங்கள் வீட்டில் அளந்தது இல்லை. கட்டத்தில் கணக்கிட்டு, கடல் மட்டத்துக்கு மாற்றிக் காட்டுவது. 1010 என்று ஆப்பில் இருக்கும், உங்கள் வீட்டில் 978 இருக்கும்.

இப்போது நான் சொல்ல ஆசைப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். திரை உடைந்த பழைய போன் ஒன்றை ஜன்னல் பக்கம் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அழுத்தத்தைப் பதியவிட்டிருக்கிறேன். முதல் வாரத்துக் கிராஃபைப் பார்த்தபோது சென்சார் பழுது என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் இரண்டு மேடு, இரண்டு பள்ளம். காலை பத்து மணிக்கு உச்சி, சாயங்காலம் நாலு மணிக்குத் தாழ்வு, மறுபடி இரவு பத்துக்கு உச்சி, விடியற்காலை நாலுக்குத் தாழ்வு. மூன்று, மூன்றரை ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். அதை உயரமாக மாற்றும் செயலியில் பார்த்தால், என் வீடு தினமும் முப்பது மீட்டர் ஏறி இறங்குகிறது.

அது பழுது இல்லை. காற்றுக்கடலின் ஏற்றவற்றம். சந்திரன் இழுப்பதால் வருவது அல்ல. மேலே ஓசோனும் நீராவியும் வெயிலை உறிஞ்சிச் சூடாவதால் வாயுமண்டலம் முழுவதும் எழும்பி வரும் அலை. நிலநடுக்கோட்டுப் பக்கம் வலுவாகத் தெரியும், லண்டன்காரருக்கு அவர்கள் ஊர்ப் புயல்களின் சத்தத்தில் இது கேட்கவே கேட்காது. நம் ஊரில் கடிகாரம் மாதிரி. நாற்பது வருஷம் இந்த ஊரில் மூச்சு விட்டிருக்கிறேன், தலைக்கு மேலே இது நடப்பது எனக்குத் தெரியாது.

அறிவியல் டீச்சர்
செவ்வாய், மாலை 5.30

நான் அம்மாபேட்டை பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். நேற்று இரவு உங்கள் பதிவைப் படித்தவுடன் என் போனைப் பார்த்தேன். பாரோமீட்டர் இருந்தது! நான்கு வருடமாகக் கையில் வைத்திருக்கிறேன், தெரியாமல்.

இன்று எட்டாம் வகுப்பில் சோதித்தோம். பிள்ளைகள் போன் கொண்டுவரக் கூடாது, அதனால் என் போன் ஒன்றுதான். ஒருவர் மாற்றி ஒருவர் மணிக்கு ஒரு முறை வந்து எண்ணைக் கரும்பலகை ஓரத்தில் எழுதினார்கள். 9.15க்கு 979.1. பத்து மணிக்கு 979.4. அதற்குப் பிறகு இறங்க ஆரம்பித்தது. மதியச் சாப்பாட்டு மணிக்கு 978.2. கடைசி மணி அடிக்கும்போது 976.0. காலையில் கூடும்போது உச்சியும் வீட்டுக்குப் போகும்போது தாழ்வுமாக இருக்கிறது என்று ஒரு மாணவி கண்டுபிடித்தாள். நாளையும் இப்படித்தான் இருக்குமா என்று வகுப்பே கேட்கிறது. ஒரு பாடத்தைப் பற்றி அவர்கள் நாளைக்கு என்ன ஆகும் என்று கேட்டது இந்த வருடத்தில் இதுவே முதல் முறை.

ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமாகும் என்று புத்தகத்தில் படித்ததை இத்தனை நாள் வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி எண்ணோடு சொல்ல முடியும்.

குப்பனூர் ரோடு
செவ்வாய், இரவு 9.05

எல்லாம் சரி. ஆனால் இந்த சென்சாரை வைத்து யார் யார் என்ன செய்கிறார்கள் என்பதையும் பேச வேண்டும். ஆண்ட்ராய்டு போன் மேசையில் சும்மா கிடக்கும்போது அதன் அசைவு சென்சாரை வைத்து கூகுள் நிலநடுக்கம் பார்க்கிறது. 2023 செப்டம்பரிலிருந்து இந்தியாவிலும் இருக்கிறது. 2024 நவம்பரில் நேச்சர் இதழில், சுமார் நாலு கோடி போன்களின் ஜி.பி.எஸ். தரவை வைத்து, வானத்தில் மின்னூட்டம் உள்ள காற்று அடுக்கான அயனி மண்டலத்துக்கே வரைபடம் போட்டார்கள். இந்தியாவுக்கு மேலே அந்த அடுக்கில் எலக்ட்ரான் குறைந்து கிடக்கும் பிளாஸ்மா குமிழிகள்கூட அதில் தெரிந்தன. அதில் உங்கள் போனும் என் போனும் இருந்திருக்கலாம். அந்தத் தரவை நாம் திறந்து பார்க்க முடியுமா? நம் போன், நம் கரண்ட், நம் டேட்டா.

2023 பிப்ரவரி 6 துருக்கி நிலநடுக்கம் 7.8 ரிக்டர். கூகுளின் எச்சரிக்கை அமைப்பு அதைக் குறைவாக மதிப்பிட்டு, போக வேண்டிய பலருக்கு அபாய எச்சரிக்கை போகவில்லை. ஒரே கையில் எல்லாம் இருந்தால் இந்தக் கதிதான்.

கோரிமேட்டான்
செவ்வாய், இரவு 10.50

நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடு. ரிக்டர் என்ற அளவை மட்டும் இப்போது பெரிய நிலநடுக்கங்களுக்குப் பயன்படுத்துவதில்லை, அது வேறு கணக்கு, விடுங்கள். துருக்கிக் குறையை அவர்களே பின்னால் ஒப்புக்கொண்டு கணக்கு முறையைத் திருத்தினார்கள். 2025 ஜூலையில் சயின்ஸ் இதழில் வந்த கட்டுரையில் இருக்கிறது.

அயனி மண்டல ஆய்வைப் படித்தபோது எனக்குச் சந்தோஷம்தான் முதலில் வந்தது. ஒரே செயற்கைக்கோளிலிருந்து இரண்டு அலைவரிசை வருகிறது. மின்னூட்டம் உள்ள காற்றுக்குள் நுழையும்போது ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் தாமதமாகும். அந்தத் தாமதத்தை வைத்து வழியில் எத்தனை எலக்ட்ரான் என்று கணக்குப் போடலாம். இரண்டு அலைவரிசை பிடிக்கும் போன் 2018இல்தான் முதலில் வந்தது, ஷாவ்மி மி 8. ஆறே வருஷத்தில் அது ஆய்வுக்கருவி ஆகிவிட்டது. ஆப்பிரிக்காவிலும் நம் பக்கத்திலும் ஆய்வு நிலையங்கள் குறைவு. அந்த இடைவெளியைச் சாதாரண ஜனங்களின் போன் நிரப்பியது.

தரவு நம் கையிலும் இருக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. அதற்கு வழி, நாமும் அளந்து, நம் ஃபைலை நாமே வைத்துக்கொள்வது. என் ஜன்னல் போன் நெட்டில் இல்லை. சிம் இல்லை.

அதை வைத்து ஒன்று பார்த்தேன். 2022 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல். இரவு சாப்பிட்டுவிட்டுக் கிராஃபைப் பார்க்கிறேன், எட்டரை மணி வாக்கில் கோடு சடாரென்று எழும்பி இறங்கியிருக்கிறது. ஒன்றரை ஹெக்டோபாஸ்கலுக்கு மேல். காற்று இல்லை, மழை இல்லை, தெருவில் கோலம்கூடக் கலையவில்லை. யாரோ ஜன்னலை அறைந்து சாத்தியிருப்பார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன், இல்லை என்றார். மறுநாள் காலை பத்தரைக்கு இன்னொன்று, சின்னதாக.

அன்றைக்கு நம் நேரப்படி காலை 9.45க்குப் பசிபிக் கடலில் டோங்கா எரிமலை வெடித்திருந்தது. பன்னிரண்டாயிரம் கி.மீ. தள்ளி. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மணிக்கு 1,100 கி.மீ.க்கு மேல் வேகம் வந்தது, அழுத்த அலையின் வேகத்தோடு ஒத்துப்போனது. முதலில் வந்தது நேர்வழி. காலையில் வந்தது பூமியின் மறுபக்கமாகச் சுற்றி வந்தது. கோரிமேட்டில், திரை உடைந்த ஒரு போன் அதை எனக்காகக் குறித்துவைத்திருந்தது. அன்றிரவு நான் தூங்கவில்லை.

கஞ்சமலை
புதன், காலை 7.20

நிலவியல் படிக்கிறேன். காந்த சென்சாருக்காக ஒரு வார்த்தை. சமவெளியில் போன் பூமியின் காந்தப்புலத்தை 40 மைக்ரோடெஸ்லாவைச் சுற்றிக் காட்டும். கஞ்சமலையில் கருப்பு வரி ஓடும் பாறைமேல் போனை வைத்தால் எண் தாறுமாறாகக் குதிக்கும், திசைகாட்டி வேறு பக்கம் திரும்பும். அந்த வரி மேக்னடைட், இரும்புத் தாது. சித்தர் கோயிலுக்குப் போகிறவர்கள் ஒரு தடவை செய்து பாருங்கள். வண்டிச் சாவியைத் தள்ளி வையுங்கள்.

இன்னொன்றும் நம் பக்கத்துப் பெருமை. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறை அனார்த்தசைட் என்ற வெளிர்நிறப் பாறை வகை. நிலவின் மேட்டுநிலப் பாறையும் அதே வகை. அதை அரைத்துத்தான் இஸ்ரோ நிலவு மண் மாதிரி தயாரித்து லேண்டரையும் ரோவரையும் சோதித்தது. நம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையும் அதில் உதவியது. 2023 ஆகஸ்ட் 23 சந்திரயான் 3 இறங்கி, பிரக்யான் நூறு மீட்டர் ஓடி 23 இடத்தில் மண்ணை அளந்ததில், அது அனார்த்தசைட் வகையோடு ஒத்திருந்தது. சித்தம்பூண்டிப் பாறையில் சுத்தியல் வைத்தபோது எனக்குக் கை நடுங்கியது.

கோரிமேட்டான்
புதன், இரவு 9.15

கஞ்சமலை தம்பி, அடுத்த ஞாயிறு என்னையும் கூட்டிப் போங்கள்.

டீச்சருக்கும் காப்பித்தோட்டம் தம்பிக்கும் ஒரு யோசனை. போன் கம்பெனி எப்போது மனம் மாறும் என்று காத்திருக்க வேண்டாம். போஷ் நிறுவனத்தின் பி.எம்.பி.280 சென்சார் நூறு ரூபாய்க்குப் பக்கத்தில் கிடைக்கிறது. சென்சாரைப் படித்துப் பதிய இ.எஸ்.பி.32 என்ற சின்னக் கணினி போர்டு ஒன்று, மெமரி கார்டு ஒன்று. மூன்று பெட்டி நான் கட்டித் தருகிறேன். கோரிமேடு, அம்மாபேட்டை, நாகலூர். மேலேயும் கீழேயும் ஒரே நேரத்தில் அளந்தால் தினசரி ஏற்றவற்றம் கழிந்துவிடும், மீதியில் புது விஷயம் தெரியும். நடுவில் இருக்கும் காற்றுத் தூண் ஒரு டிகிரி சூடானால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.3, 0.4 குறையும். அதாவது மலைக்கும் ஊருக்கும் இடையே இருக்கும் காற்றின் சராசரி வெப்பத்தை, நடுவில் ஒரு தெர்மாமீட்டர்கூடத் தொங்கவிடாமல் சொல்லலாம்.

வாங்கும்போது கவனம். ஈரப்பதமும் அளக்கும் பி.எம்.இ.280 என்று சொல்லி பி.எம்.பி.யைத் தள்ளிவிடுகிறார்கள். சில்லின் அடையாள எண்ணைப் படித்துப் பாருங்கள், பதினறும எண்ணில் 60 வந்தால் பி.எம்.இ., 58 வந்தால் பி.எம்.பி. எனக்கு இரண்டு தடவை ஆகிவிட்டது. போர்டின் சூடு சென்சாருக்குப் போகாமல் ஒரு சாண் ஒயர் விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். நாகலூரில் நெட் நிற்காது, அதனால் டி.எஸ்.3231 கடிகாரச் சில்லு. வருஷத்துக்கு ஒரு நிமிடம்தான் தவறும்.

முதல் நாள் மூன்றையும் ஒரே மேசையில் வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு ஹெக்டோபாஸ்கல் வரை தன் போக்கில் கூடக் குறையச் சொல்லும். எது எவ்வளவு என்று எழுதிவைத்துக்கொண்டு பிறகு பிரிக்கலாம். பட்டறைக்காரர் தம்பி, சால்டரிங் நீங்கள்தான்.

பட்டறைக்காரன்
புதன், இரவு 9.22

சனிக்கிழமை கடை மூடிட்டு வந்துடறேன் அண்ணா. தட்டுவடை செட் வாங்கிட்டு வரேன்.

சூரமங்கலம்77
வியாழன், காலை 8.00

என் பழைய போனில் பாரோமீட்டர் இருக்கிறது, நேற்றுதான் பார்த்தேன். பேட்டரிதான் உப்பிவிட்டது. மாற்றிக்கொடுத்தால் நாலாவது பெட்டியாக சூரமங்கலத்தில் வைக்கிறேன்.

காப்பித்தோட்டம்
அடுத்த வாரம் புதன், காலை 7.05

அண்ணா, பெட்டிய காய் உலர்த்துற களத்துக்குப் பக்கத்துல, வெயில் படாம, காத்து போற மாதிரி கட்டிட்டேன். நேத்து ராத்திரிக்கான ஃபைலை இப்ப அனுப்பியிருக்கேன். ராத்திரி பத்துக்கு 862.8. விடிகாலை நாலுக்கு 860.9. நீங்க சொன்ன மேடும் பள்ளமும் மலைமேலயும் இருக்கு.

ஆனா பத்துக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு. 9.40க்குக் கோடு அரை ஹெக்டோபாஸ்கல் ஏறுது, பத்து நிமிஷம் நின்னு இறங்குது. அப்பத்தான் இங்க ஜில்லுனு காத்து அடிச்சு இடி மழை ஆரம்பிச்சது. அம்மாகூட, களத்துல கிடந்த தார்ப்பாய் பறக்குதுன்னு ஓடினாங்க. கோரிமேட்டுல அது இருக்கா?

கோரிமேட்டான்
அடுத்த வாரம் புதன், காலை 7.31

இருக்கிறது தம்பி. 10.05க்கு. அதே உயரம், அதே வடிவம். மழைமேகத்துக்கு அடியிலிருந்து கொட்டி விரிந்த குளிர்காற்று, மலையிலிருந்து இறங்கி வர 25 நிமிடம் எடுத்திருக்கிறது. இரண்டு கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு இணைத்திருக்கிறேன். டீச்சர், உங்கள் பெட்டியில் பாருங்கள்.

அறிவியல் டீச்சர்
அடுத்த வாரம் புதன், காலை 9.50

10.14. பிள்ளைகள்தான் கண்டுபிடித்தார்கள்.

சூரமங்கலம்77
அடுத்த வாரம் புதன், காலை 10.20

என்னுடையதில் 10.16. மழை இங்கே வரவில்லை, ஜன்னல் கதவு மட்டும் அடித்துக்கொண்டது.